உரிச்செடுத்த பிளாஸ்டர்

இருபது வருஷம் மெடிக்கல் ரெப் வேலை. கொழும்பில கொட்டாஞ்சேனையில இருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் டொக்டர்மாரிட வாசல்ல டை கட்டிக்கொண்டு நிண்டனான். அந்த டையால எங்கட வெள்ளவத்தை ஃபிளாட்டில எனக்கு அரை டொக்டர் எண்டு பேர். வெளிநாட்டால வாற சொந்தக்காரர் விட்டுட்டுப் போற மிச்ச மருந்துக் குளிசையெல்லாம் என்னட்டத்தான் வரும். எது எதுக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுவன். சம்பளம் ஒரு பிளேன்டீ.

நாலாம் மாடியில தனிய இருக்கிற ஐயா, பென்ஷன் எடுத்த கணக்கு வாத்தியார், ஒருநாள் வந்து, "தம்பி, நித்திரை வருகுதில்லை" எண்டார். கனடாவால வந்த குளிசைப் போத்தல் ஒண்டைக் குடுத்தன். அதில பிளாஸ்டர் ஒட்டி, "இரவு 1" எண்டு என்ர கையால எழுதியும் விட்டன்.

அது உண்மையில பழைய தும்மல் குளிசை. நித்திரையாக்கும் எண்டதால நித்திரைக்கெண்டும் விக்கிறாங்கள். நரம்புகள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறதுக்கு அசற்றைல்கோலின் எண்டு ஒரு சாமான் இருக்கு. இந்தக் குளிசை அதை மறிக்கும். வாய் காயும், வயசான மூளை கலங்கும். ஐயா ஏற்கெனவே அடிக்கடி மூத்திரம் போறதைக் குறைக்க ஒரு குளிசை போடுறவர். அதுவும் அதையேதான் மறிக்கிறது. இதையெல்லாம் டொக்டர்மாருக்கு இங்கிலீஷில ஒப்புவிச்சுச் சம்பளம் எடுத்தவன் நான். ஐயாவிட்ட, "வேற என்ன குளிசை போடுறியள்?" எண்டு மட்டும் கேக்கேல்லை.

மூண்டாம் நாள், "நாக்கு அண்ணத்தில ஒட்டுது தம்பி" எண்டார். எனக்கு அப்பவே விளங்கீட்டுது. "தண்ணி குடியுங்கோ" எண்டன்.

பிறகு சுவரில இல்லாத எறும்பைத் தட்டிவிட்டார். என்னைப் பாத்து, கரண்ட் மீட்டர் பாக்க வந்தனீரோ எண்டு கேட்டார். லிஃப்டில நான், "வாத்தியாருக்குக் கணக்குப் பிழைக்குது" எண்டு பகிடி விட்டன். எல்லாரும் சிரிச்சவை. நானும்தான்.

கனடாவில இருக்கிற ஐயாவிட மகள் எனக்கு வீடியோ கோல் எடுத்தா.

"அண்ணை, அப்பாவுக்கு மறதி வருத்தம். ஞாயிற்றுக்கிழமை வயோதிபர் ஹோமில சேக்கிறம். ஃபிளாட்டை விக்கப்போறம். சாமான் அடுக்க ஒருக்கா உதவி செய்வியளே?"

போனன். ஃபிரிஜ்ஜுக்கு மேல போத்தல், அதில என்ர எழுத்து. ஐயா கட்டில்ல இருந்து, மடிச்ச சேட்டு ஒண்டை அவிழ்த்து அவிழ்த்துத் திருப்பி மடிச்சுக்கொண்டிருந்தார். நான் முதல்ல செய்தது பிளாஸ்டரை உரிச்சு பொக்கெட்டுக்குள்ள போட்டது. அதுக்குப் பிறகுதான் மகளுக்கு எடுத்து, "தங்கச்சி, ஆரோ இப்பிடி ஒரு குளிசை குடுத்திருக்கினம். மறதி உதாலயும் இருக்கலாம், டொக்டரிட்டக் காட்டுங்கோ" எண்டன்.

ஆரோ.

டொக்டர் அதை நிப்பாட்டி, மற்றக் குளிசையையும் மாத்தினார். ஒரு கிழமைக்குள்ள ஐயா தெளிஞ்சிட்டார். ஹோம் கதை நிண்டுபோச்சு. கண்டுபிடிச்ச கெட்டிக்காரனுக்கு எண்டு மகள் கேக் ஓடர் பண்ணி அனுப்பினா. நானும் வெக்கமில்லாமல் ரெண்டு துண்டு சாப்பிட்டன்.

மூண்டாவது துண்டை வெட்டேக்க கதவு தட்டுற சத்தம் கேட்டுது. ஐயா. சேட்டு அயன் பண்ணி, பட்டன் எல்லாம் சரியாப் போட்டிருந்தார்.

"தம்பி, அந்தப் போத்தல்ல பிளாஸ்டர் ஒண்டு இருந்ததல்லே? அதில உம்மட எழுத்து."

நான் கேக்கைப் பாத்தன்.

"குடுத்தது பிழையில்லை, நான்தானே கேட்டனான். ஏன் உரிச்சனீர்?"

நினைவு திரும்பினால் எல்லாம்தானே திரும்பும். அதை நான் யோசிக்கேல்லை.

"மகளுக்கு நான் சொல்லேல்லை. நீரே சொல்லும்" எண்டுட்டு, லிஃப்டுக்கு நிக்காமல் படியால ஏறிப் போனார்.

ஃபோனை எடுத்து மகளிட நம்பரை அமத்தினன். அங்கால மணி அடிக்குது. எனக்கு நாக்கு அண்ணத்தில ஒட்டீட்டுது, ஒரு குளிசையும் போடாமலே.

"ஓம், சொல்லுங்கோ அண்ணை" எண்டா.