ஜெசிந்தினி குடித்த பீலித் தண்ணீர்

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஜெசிந்தினியின் வேலை. பதினான்கு குழந்தைகள். அதில் ஒன்று அவள் மகள் நிலுக்ஷி, நாலு வயது.

போன வருஷம் நிலுக்ஷிக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தபோதே ஜெசிந்தினி முடிவெடுத்துவிட்டாள்: இனி மலை ஊற்றிலிருந்து குழாய்வழி வரும் பீலித் தண்ணீர் இவள் வாயில் படக்கூடாது. அன்றிலிருந்து கணவன் ஜூட் வாரத்தில் இரண்டு தடவை கடையிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினான்.

"காய்ச்சிக் குடுத்தாப் போதாதா?" என்று ஒருநாள் கேட்டான்.

போதும் என்று அவளுக்கும் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்குக் காய்ச்சித்தான் கொடுத்தாள். ஆனால் நிலுக்ஷிக்கு என்று வரும்போது காய்ச்சியதை நம்ப முடியவில்லை. போத்தல் மூடி 'டிக்' என்று உடையும் சத்தம் கேட்டால்தான் மனசு அடங்கும்.

ஒரு மத்தியானம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த ஜெயலெட்சுமி அந்தப் போத்தலைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, ஒங்க பிள்ளைக்குப் போத்தலு. எங்க பிள்ளைங்களுக்குப் பீலியா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. அதனால்தான் ஜெசிந்தினிக்கு முகம் சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜூட்டை இழுத்துக்கொண்டு ஊற்றுத் தண்ணீர் சேரும் தொட்டிக்கு ஏறினாள். தொட்டியின் சிமெண்டு மூடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே அழுகிய இலை. விளிம்பெல்லாம் குரங்குக் கழிவு. போனில் படம் எடுத்தாள். மறுநாள் ஜெயலெட்சுமியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், சுகாதாரப் பரிசோதகர் ஜெஸீமிடம் காட்டினாள்.

அடுத்த நாளே அவர் வந்து பார்த்தார். பிள்ளைக்காம்பராவில் நிலுக்ஷியின் போத்தலும் அவர் கண்ணில் பட்டது.

"போத்தல் தண்ணிய மட்டும் எப்படி நம்புறீங்க?" என்று கேட்டார்.

"யாரோ சோதிச்சுத்தானே மூடியிருப்பாங்க, சேர்."

"அப்ப இதையும் சோதிப்போம்."

தோட்டத்து ஆட்கள் தொட்டியைக் கழுவினார்கள். புது மூடி போட்டுப் பூட்டினார்கள். குளோரின் போட ஒருவரை வைத்தார்கள். பிறகு ஜெஸீம் ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். பன்னிரண்டு நாள் ஜெசிந்தினிக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. இவ்வளவு பேரையும் கிளப்பிவிட்டோம், கிருமி இருக்கு என்று வந்தால்?

பதின்மூன்றாம் நாள் ஜெஸீம் கடிதத்தோடு வந்தார்.

"கிருமி இல்ல. தாராளமாக் குடிக்கலாம்."

"இன்னொருக்காச் சொல்லுங்க, சேர்."

அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றார். முதல் கோப்பையை அவளே பீலியில் பிடித்து, ஒரு மூச்சில் குடித்தாள். அடுத்தது நிலுக்ஷிக்கு.

"மருந்து வாசம் அடிக்குதும்மா," என்று மூக்கைச் சுளித்த பிள்ளை, முழுவதையும் குடித்துவிட்டு விளையாட ஓடியது.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகள் தூங்கியபோது, ஜெசிந்தினியும் பாயோரத்தில் தலை சாய்த்தாள். ஜெயலெட்சுமி வந்து தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.