உலகக் கோப்பையில் சோறு

இந்த நாட்டில் பலர் ‘ஆம்’ என்பதை மூச்சை உள்ளே இழுத்துத்தான் சொல்வார்கள். நம்பமாட்டீர்கள்; நானும் நம்பவில்லை. நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, பக்கத்தில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்த பேரித் என்ற பெண்ணிடம், நொஸ்க் என்னும் இந்த நாட்டு மொழியில் எனக்குத் தெரிந்த நாலு சொல்லைக் கோத்து, ‘இந்தக் கத்தியை எடுக்கட்டுமா?’ என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்து ‘ஹ்யா’ என்று ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். கிணற்றில் விழப்போகிறவர் கடைசியாக எடுக்கும் மூச்சு மாதிரி இருந்தது. ஐயோ, மனுசிக்கு மூச்சிழுக்கும் தொய்வு வருத்தம் போல என்று நினைத்து, கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். முதுகையும் தடவிவிட்டேன். ‘குடிக்கிறீர்களா?’ என்றதற்கு அவர் மறுபடியும் ‘ஹ்யா’ என்றார். தண்ணீரை அவர் வாயிலேயே வைக்கப் போனேன். மேற்பார்வையாளர் வந்து, இது வருத்தம் இல்லை, இங்கே ‘யா’ என்று சொல்வதே இப்படித்தான் என்று தானும் ஒருமுறை செய்து காட்டினார். அந்தப் பனிக்காலம் முழுவதும் தொழிற்சாலையில் என்னைக் கண்டால் ஆளாளுக்கு மூச்சை இழுத்துக் காட்டிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், பழி எனக்கு எங்கே வந்தது தெரியுமா? போன வருடம் நயினாதீவுக்குப் போனபோது, குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் ஏறி இருந்தேன். பக்கத்தில் பூத்தட்டோடு இருந்த ஒரு அக்கா, ‘தங்கச்சி, நயினாதீவிலயோ பிறந்தனீர்?’ என்று கேட்டார். நான் வாயைத் திறந்து ‘ஹ்யா’ என்று மூச்சை இழுத்தேன். அவர் பயந்துபோனார். ‘என்ன தங்கச்சி, தொய்வோ? மூச்செடுக்க ஏலாமல் கிடக்கோ?’ என்று தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். ‘இல்லை அக்கா, ஓம் எண்டு சொன்னனான்’ என்றேன். ‘ஓம் எண்டதுக்கு ஏன் பிள்ளை இந்தப் பாடு?’ என்றார். என்னத்தைச் சொல்ல? பிறந்த ஊருக்குப் போகிற லோஞ்சில் இருந்துகொண்டு ‘ஆம்’ என்பதற்கான ஊர்ச்சொல் ‘ஓம்’ வாயில் வராமல் போனது எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

இப்படிப்பட்ட நான்தான், என் மகள் ஆரணி போனில் ‘ஆமா’ என்றபோது பொறுக்கமாட்டாமல் போனேன். ஆரணி நோர்வேயில் பிறந்தவள். பாடசாலையில் நொஸ்க் பேசிவிட்டு வந்தாலும் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது நொஸ்க்கையும் கழற்றி வைக்க வேண்டும் என்பது என் சட்டம். அப்படி வளர்த்த பிள்ளை, சென்னையிலிருந்து வேலைக்கு வந்த கார்த்திக்கைக் கலியாணம் கட்டி ஒஸ்லோவில் குடியிருக்கிறாள். நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்லமாட்டேன். என்னை ‘அத்தை’ என்று கூப்பிடுவார். ‘மாமி எண்டு கூப்பிடுங்கோ தம்பி’ என்று ஒருநாள் சொன்னதற்கு நெளிந்தார். அவருடைய ஊரில் மாமி என்றால் ஐயர் வீட்டுப் பெண்களாம். அதை விட்டுவிட்டேன். ஆனால் ‘சாப்பிட்டியோ பிள்ளை?’ என்று நான் கேட்க, ‘ஓம் அம்மா, சாப்பிட்டனான்’ என்று சொன்ன வாய், ‘ஆமாம்மா, சாப்பிட்டாச்சு’ என்று சொல்லத் தொடங்கியதே, அதைத்தான் விடமுடியவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். ‘அதுக்கென்ன, பெட்டை தமிழ்தானே கதைக்குது. நொஸ்க்கில கதைச்சால் என்ன செய்வீர்?’ என்றார் இவர். நொஸ்க்கில் கதைத்திருந்தால் எனக்கு வலித்திருக்காது. நொஸ்க் வெளியாருடைய மொழி, அதில் பேசினாலும் வீடு வீடாகவே இருக்கும். இது என்னுடைய மொழியிலேயே எனக்குத் தெரியாத ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு மகள் அதற்குள் போய் இருப்பது. அந்த வீட்டில் நான் விருந்தாளி ஆகிவிடுவேனோ என்பதுதான் என் பயம். பெற்ற மனம் பித்துத்தானே.

என் அப்பாவுக்கும் சிங்கள ஊரான காலிப் பக்கத்தில் ஒரு கடை இருந்தது. எங்கள் தீவில் அந்தக் காலத்தில் பாதி ஆண்கள் தெற்கே கடை வைத்திருந்தவர்கள்தான். திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் வருவார். வந்த முதல் இரண்டு நாளும் எதைக் கேட்டாலும் ‘ஓவ்’ என்பார். சிங்களத்தில் ஆம் என்றால் ஓவ். ‘தேத்தண்ணி தரட்டோ?’ ‘ஓவ்.’ அம்மா குசினிக்குள் நின்றபடி, ‘உந்த ஓவைக் குறிகட்டுவானில விட்டிட்டு லோஞ்ச் ஏறுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்’ என்பார். மூன்றாம் நாள் அப்பாவுக்கு ஓம் திரும்பிவிடும், அப்போது பெட்டி கட்டுகிற நேரமும் வந்துவிடும். பிறகு ஒரு இனக்கலவரத்தில் கடை எரிந்தது. அப்பா உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தவர், அதற்குப் பிறகு ஒருநாளும் ஓவ் என்று சொல்லவில்லை. தவறிக்கூடச் சொல்லவில்லை. அம்மா ஒருநாள் அரிசி களைந்துகொண்டு, ‘அந்த ஓவ் இருக்கேக்க மனிசன் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சுது’ என்று தனக்குள்ளேயே சொன்னார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன கோடையில் ஆரணியைப் பார்க்க ஒஸ்லோவுக்குப் போனேன். இவருக்கு விமானம் ஏறினால் காது அடைக்கும், வரவில்லை. வடக்கிலிருந்து மீனும் மிளகாய்த்தூளும் கொண்டுபோய் மத்தியானச் சமையலைக் கையில் எடுத்தேன். ஆரணி கடைக்குப் போயிருந்தாள். சோறும் குழம்பும் ஆனதும், ‘தம்பி, கோப்பையளை எடுத்து வையுங்கோ’ என்று கார்த்திக்கிடம் சொன்னேன். எங்கள் ஊரில் சோறு சாப்பிடுவது கோப்பையில். தட்டு என்றால் பெரும்பாலும் பூசைக்கு. கார்த்திக் அலுமாரியைத் திறந்து, தேநீர் குடிக்கும் கப்புகள் மூன்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். சரி, அவர்கள் பக்கத்தில் சோற்றுக்கு முன்னர் தேநீர் குடிப்பார்கள் போல என்று நினைத்தேன். மருமகன் கேட்டு இல்லை என்பதா? தேநீர் போட்டேன். அவரும் மரியாதையாகக் குடித்தார். அவர் நினைத்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது: யாழ்ப்பாணத்தார் சோற்றுக்கு முன்னர் தேநீர் குடிப்பார்கள் என்று. ஆரணி வந்து தானே சோற்றுக் கோப்பைகளை எடுத்து வைப்பதற்குள் மீன் குழம்பு ஆறிப்போயிற்று.

பின்னேரம் கார்த்திக்கின் கூட்டாளி பிரபுவும் அவர் மனைவி திவ்யாவும் வந்தார்கள். இருவரும் சென்னை. கையில் ஒரு பெட்டி, விளையாட்டுப் பெட்டி. உள்ளே கட்டுக்கட்டாகத் தமிழில் அச்சடித்த அட்டைகள், எல்லாம் இந்தியப் பண்பாடு சம்பந்தப்பட்டவை. ஒருவர் அட்டை ஒன்றை எடுத்து, அதில் இருப்பதை ஒரு வெள்ளைப் பலகையில் வரைய வேண்டும், எழுதவோ பேசவோ கூடாது. மணற்கடிகாரத்தில் மணல் இறங்கி முடிவதற்குள் மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நான், ‘எனக்குக் கீறத் தெரியாது, நான் பாத்துக்கொண்டு இருக்கிறன், அந்தக் கதிரையை இஞ்சால இழுத்து விடுங்கோ’ என்றேன். திவ்யா ‘எதை ஆன்ட்டி?’ என்று சுற்றும் முற்றும் பார்த்தார். ‘அம்மா, கதிரைன்னா இவங்களுக்குப் புரியாது. சேர்னு சொல்லுங்க’ என்றாள் என் மகள். புரியாதாம். நான் பெற்ற பிள்ளை எனக்கு ‘விளங்காது’ என்றல்லவா சொல்ல வேண்டும்? கதிரையை நானே இழுத்துக்கொண்டேன்.

விளையாட்டு சூடு பிடித்தது. பிரபு ஓட்டையோடு ஒரு உருண்டை கீறினார், நான் ‘மோதகமோ?’ என்றேன், அது பானிபூரியாம். திவ்யா ஒரு குதிரை கீறினார். எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. ‘நெடுந்தீவுக் குதிரை!’ என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வடநாட்டில் மாப்பிள்ளை ஏறிவரும் கலியாணக் குதிரையாம் அது. ஆரணி அவர்களுக்கு விளக்கம் சொன்னாள். ‘அவங்க ஊர் பக்கத்துல ஒரு தீவு இருக்கு, அங்க குதிரைங்க சும்மா சுத்திட்டிருக்கும்.’ அவங்க ஊர். அவள் ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை; அது என் ஊர்தான், அவள் அங்கே பிறக்கவில்லை. ஆனாலும் அந்த ‘அவங்க’ எனக்குச் சுட்டது. யன்னலுக்கு வெளியே பார்த்தேன். இந்த நாட்டுக் கோடையில் சூரியன் இருட்டவும் விடாது, ஒளித்துக் கண் துடைக்க ஒரு இடமில்லை.

‘அத்தை, உங்க டர்ன். ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்’ என்று கார்த்திக் பேனாவை என் கையில் தந்தார். மறுக்கமுடியாமல் அட்டையை எடுத்தேன். ‘உலகக் கோப்பை’ என்று இருந்தது. உலகம் தெரியும். கோப்பையும் தெரியும். இது என்ன உலகக் கோப்பை? அள்ள அள்ளக் குறையாத பாத்திரக் கதையைக் கேட்டு வளர்ந்த தீவு எங்களுடையது. அதுபோல உலகத்துக்கெல்லாம் சோறு போடும் ஏதோ ஒரு கோப்பை இந்தியாவில் இருக்கிறதாக்கும் என்று முடிவெடுத்தேன். முதலில் ஒரு வட்டம் போட்டேன். உள்ளே இந்தியாவுக்கு ஒரு முக்கோணம், கீழே இலங்கைக்கு ஒரு துளி, அதன் தலைமாட்டில் நயினாதீவுக்கு ஒரு புள்ளி. அதை வைக்காமல் விட மனம் வரவில்லை.

‘முகம்! மூக்கு!’ என்றார் பிரபு. ‘மூக்குத்தி!’ என்றார் திவ்யா. இல்லை என்று தலையாட்டி, உலகத்துக்குக் கீழே அகலமாக ஒரு கோப்பை கீறினேன். அது நிறையச் சோறு, ஒரு பக்கம் மீன் தலை, ஒரு பக்கம் கத்தரிக்காய், சோற்றின் நடுவே குழம்பு விட ஒரு குழி. ‘கிரகணம்’ என்றார் பிரபு. ‘நிலாச்சோறு!’ என்றார் திவ்யா. என்ன வடிவான பதில்! பிழையாக இருந்தாலும் அவருக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும் போல இருந்தது. ‘மீன் தலை போட்டு யாராவது நிலாச்சோறு சாப்பிடுவாங்களா?’ என்றார் கார்த்திக். மணல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பேனாவைக் குறை சொல்வதுபோல அதை உதறி உதறிப் பார்த்தேன்.

ஆரணி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு விடுவதற்கு நான் கீறிய அந்தக் குழியைப் பார்த்தாள். அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது குழி செய்து கொடுத்தால்தான் சாப்பிடுவாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது, சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

‘கோப்பை’ என்றாள். ‘அம்மா, அது கோப்பை. உலகக் கோப்பை.’

மணல் முடிந்தது. நான் அட்டையைத் திருப்பிக் காட்டினேன். ‘வேர்ல்ட் கப்பா? கிரிக்கெட் வேர்ல்ட் கப்பா? அத்தை, அது தட்டு!’ என்றார் கார்த்திக். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் உலகக் கிண்ணம் என்று சொல்வதைத்தான் இவர்கள் உலகக் கோப்பை என்கிறார்கள். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல வெட்கம். ஆரணி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கார்த்திக்கைப் பார்த்து, ‘தட்டு உங்கட வீட்டில. எங்கட வீட்டில அது கோப்பை. கோப்பையைக் கழுவு, கோப்பையைக் கழுவு எண்டு இவ கத்தின கத்து எனக்கு இப்பவும் காதுக்குள்ள நிக்குது’ என்றாள். அவள் பேச்சு மாறியதை அவளே கவனிக்கவில்லை. கார்த்திக் தலையில் கை வைத்துக்கொண்டு, ‘அப்போ மத்தியானம் கோப்பை எடுத்து வைங்கன்னு அத்தை சொன்னது…’ என்று இழுத்தார். தேநீர்க் கதை வெளியே வந்தது. பிரபு கதிரையிலிருந்து விழுந்து சிரித்தார். ஆரணி என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள், தோள் நனைந்தது. நானும் மறைக்கவில்லை, அழுதேன்.

‘கோப்பை எண்டு தெரிஞ்சோ பிள்ளை சொன்னனீ?’ என்று கேட்டேன். ‘ஓம் அம்மா’ என்றாள். அதே நேரம் கார்த்திக், ‘இன்னொரு ரவுண்டு போலாமா?’ என்றார். ‘ஆமா, போலாம்’ என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். அப்பாவுக்கு ஓவிலிருந்து ஓமுக்கு வர ஒரு கடலும் இரண்டு நாளும் தேவைப்பட்டன. இவள் தலையைத் திருப்புவதற்குள் போய் வந்துவிடுகிறாள். அந்த ஆமாவைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டு சொன்னதும் அன்றுதான் விளங்கியது. அந்த ஆமா என் பிள்ளையின் வாயில் நெடுநாள் இருக்கட்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்.

அடுத்த நாள் காலை கார்த்திக் என்னை ஸ்டேசனில் கொண்டுவந்து விட்டார். ‘அடுத்த தடவை கரெக்டா கோப்பை எடுத்து வைப்பேன் அத்தை’ என்றார். விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் ஏறி இருந்ததும், வேலையிடத்திலிருந்து ஆரணி போன் எடுத்தாள்.

‘அம்மா, ரயில் ஏறியிட்டியளோ?’

அந்த ‘ஏறியிட்டியளோ’வைக் கேட்ட சந்தோசத்தில் எனக்கு என்ன வந்ததோ தெரியாது, ‘ஆமா பிள்ளை’ என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ‘அம்மா, உங்களுக்கென்ன நடந்தது? ஓம் எண்டு சொல்லுங்கோ.’

அந்த நேரம் பார்த்து, பையோடு வந்த ஒரு நோர்வேக்காரர் பக்கத்து இருக்கையைக் காட்டி, இது வெறுமையா என்று கேட்டார். ‘ஹ்யா’ என்று மூச்சை உள்ளே இழுத்தேன். அவர் நன்றி சொல்லி அமர்ந்தார். ரயில் புறப்பட்டது.

‘அம்மா? சொல்லுங்கோ’ என்றாள் மகள்.

இழுத்த மூச்சு இன்னும் நெஞ்சுக்குள் நின்றது. அதை வெளியே விட்டேன். ‘ஓம்’ என்று வந்தது.