சக்கரத்துக்கு மெத்தை

என் மனைவி கவிப்ரியாவிடம் ஒரு சக்கரம் இருக்கிறது. ஒன்றே ஒன்று. சைக்கிளும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. நடுவில் கனத்த டயர், அதை மூடி ஒரு பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்குள் மோட்டாரும் பேட்டரியும், கால் வைக்கப் பக்கத்துக்கு ஒரு பலகை. ஓட்டும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். நாற்பதை நெருங்கும் ஒரு மத்திய அரசு ஸ்டெனோகிராஃபர், சல்வார் கமீஸும் முதுகில் டிபன் பையுமாக இதன்மேல் நின்றுகொண்டு லக்ஷ்மிபாய் நகரிலிருந்து சாணக்யபுரிக்கு வேலைக்குப் போகிறாள் என்று சொன்னால் சிதம்பரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதே நல்லது. நம்பினால் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள், "கலியமூர்த்தி, நீ என்னப்பா பாத்துக்கிட்டு இருக்கே?" என்று.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? இருபத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல், தனியாக டெல்லிக்கு ரயிலேறி வந்தவள் அவள். முதல் குளிருக்கு ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு சுடிதாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனவள். ஆனால் ஆங்கிலத்தில் யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் அவள் பென்சில் பின்தங்காது. யாராவது பேசினால் போதும், அவள் வலது கை விரல் தன்னால் ஷார்ட்ஹேண்ட் கோடு போட ஆரம்பித்துவிடும். டிவியில் செய்தி வாசித்தாலும் போடும், நான் சண்டை பிடித்தாலும் போடும். நாம் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கும்போது எதிராளி அதைக் குறிப்பெடுத்தால் எப்படி இருக்கும்? பட்டவனுக்குத்தான் தெரியும்.

பஸ் நிற்காமல் போகிறது, ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தவள், போன வருஷம் குர்கானிலிருந்து வெளிநாடு போன ஒரு பையனிடம் இந்தச் சக்கரத்தை வாங்கிவந்தாள். ஒரு மாதம் காலனி பார்க்கில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் நான் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

மோதி பாக் சர்வீஸ் ரோட்டில் ஒருநாள் நாய் துரத்தியது. இவள் பயந்து குதித்துவிட்டாள். ஆளில்லாத சக்கரம் உருண்டு போய் நடைபாதைக் கல்லில் மோதிக் கூட்டில் விரிசல் விட்டது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தவள் டெட்டாலைத் தேடுவாள் என்று பார்த்தால், ஃபெவிக்விக்கைத் தேடினாள்.

"கை பூரா ரத்தம் கவி!"

"அது காஞ்சிடும்ங்க. இந்த விரிசலப் பாருங்க, மழை பெஞ்சா தண்ணி உள்ள போயிடாது?"

அந்த வாரம்தான் பதவி உயர்வுக்கான திறன் தேர்வுக்குச் சுற்றறிக்கை வந்தது. ஒருவர் வேகமாகப் படிப்பதை ஷார்ட்ஹேண்டில் எடுத்து, பிறகு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். போன தடவை நல்ல காய்ச்சலில் போய் எழுதிக் கோட்டைவிட்டாள். இந்தத் தடவையும் விட்டால் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவள் தலைக்கு மேலே போய்விடுவார்கள். இவளே பழக்கிவிட்ட பெண்ணை நாளைக்கு இவளே மேடம் என்று கூப்பிட வேண்டிவரும். அதை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாள். எனக்கும் வரவில்லை. ஆனால் என் கவலை வேறு. அந்தத் தேர்வு முழுக்க அவளுடைய வலது மணிக்கட்டில் இருந்தது, அந்த மணிக்கட்டு தினமும் ஒற்றைச் சக்கரத்தின்மேல் போய்வந்துகொண்டிருந்தது.

"பரீட்சை முடியிற வரைக்கும் பஸ்ல போம்மா" என்றேன்.

"பஸ்ல நசுங்கி வந்தா கை நடுங்குதுங்க. அப்புறம் டிக்டேஷன் எங்க எடுக்கறது?" என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது மெத்தை வேலை. கார் சீட் கவர் தைக்கிற கடையில் போய்க் கறுப்பு ரெக்ஸினும் இரண்டு விரல் தடிமனுக்கு ஃபோமும் வாங்கிவந்தாள். செய்தித்தாளில் அளவு வெட்டி, சக்கரத்துக்குச் சட்டை தைப்பதுபோலத் தைத்தாள். முதல் சட்டை சார்ஜ் போடுகிற ஓட்டையை மூடிவிட்டது. பிரித்து மறுபடி தைத்தாள். ஹாலில் கால் வைத்த இடமெல்லாம் ஃபோம் துணுக்கு. சாம்பாரில்கூட ஒன்று கிடந்தது. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் என் சட்டைக்கு ஒரு பட்டன் தைத்துத் தந்ததில்லை இந்த மகராசி!

மெத்தை முடிந்ததும் விளக்கு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டு பக்கமும் நீல நிறத்தில் எல்ஈடி பட்டை. சக்கரத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் மாற்றி ஒட்டிவிட்டாள். இரண்டு நாள் சிவப்பு விளக்கை முன்னால் எரியவிட்டுக்கொண்டு போயிருக்கிறாள். எதிரில் வந்தவர்களெல்லாம் இவள் தங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நேரே வந்திருக்கிறார்கள். கேட் காவலர் என்னைப் பிடித்து, "பாய்சாப், மேடம் ஆ ரஹீ ஹைன் யா ஜா ரஹீ ஹைன்?" என்று கேட்டார். வருகிறாளா போகிறாளா என்று எனக்கே தெரியவில்லை, அவருக்கு என்ன சொல்வது?

பொறுக்க முடியாமல் நானே போய் மணிக்கட்டில் மாட்டுகிற பாதுகாப்பு உறை ஒரு ஜோடி வாங்கிவந்தேன். உள்ளே பச்சைத் துணி போட்ட மெத்தை, வெளியே கெட்டி பிளாஸ்டிக். விழுந்தாலும் எலும்பு தப்பிக்கும். ஒருநாள் போட்டாள். மறுநாள் போடவில்லை.

"உள்ளங்கை வேர்த்துக் கொட்டுதுங்க. ஆபீஸ் போன உடனே சார் டிக்டேஷனுக்குக் கூப்பிடறாரு, பென்சில் வழுக்குது."

சரி, துடைத்துக்கொண்டு எழுதேன் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தபோதுதான் சக்கரத்தைப் பார்த்தேன். தூக்குகிற கைப்பிடிக்குப் புதிதாக ஒரு மெத்தை. பழக்கமான பச்சைத் துணி. நான் வாங்கித் தந்த உறையைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்து அதற்குச் சுற்றியிருக்கிறாள்! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என் பங்கு தோசையையும் மாவாகவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள்.

எல்லாம் தயாரானது ஒரு சனிக்கிழமை. மாடி வீட்டு ராஜலக்ஷ்மி அக்கா எட்டிப் பார்த்து, "இவ்வளவு செஞ்சிருக்கே, பூஜை போடாமயா எடுக்கப் போறே?" என்றார். அதுவும் நியாயம்தான் என்று எங்கள் எல்லோருக்கும் பட்டது. புது வண்டி என்றால் பூஜை போடாமல் யார் எடுப்பார்கள்? சக்கரத்துக்கு விபூதி, சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அக்கா தட்டில் கற்பூரம் ஏற்றினார். ஃபோமில் நெருப்புப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் ஒரு குவளைத் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றேன். என் கண் கற்பூரத்தைவிட்டு அசையவில்லை. அது அணைந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தும்மா" என்றார் அக்கா. காருக்கு நாலு பழம், ஸ்கூட்டருக்கு இரண்டு. இதற்கு ஒன்று போதும் என்று சிரித்துக்கொண்டே வைத்தார். நானும் சிரித்தேன். கவி பலகையில் ஏறி நின்று, நீல விளக்கைப் போட்டு, முன்னால் சாய்ந்தாள்.

காரில் ஒரு சக்கரம் பழச்சாற்றில் வழுக்கினால் மற்ற மூன்றும் தாங்கும். இதற்கு இருப்பதே ஒன்று என்பது அங்கே நின்ற ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. பழம் நசுங்கியது, டயர் சாற்றில் வழுக்கி ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடியது. கவி வலது கையை ஊன்றி விழுந்தாள். சக்கரம் இரண்டு தடவை புரண்டு வேப்பமரத்தடியில் போய்ப் படுத்தது. ஒரு கீறல் இல்லை. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" என்றாள். கேட்டுவிட்டுத்தான் தன் கையைப் பார்த்தாள்.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. தள்ளிவைக்க முடியாது, அடுத்த முறை எழுதுங்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே நான் வெடித்தேன்.

"சக்கரத்துக்கு அத்தனை மெத்தை போட்டியே, உன் கைக்கு ஒண்ணு போட்டியா?"

"வண்டி ஒடஞ்சா எனக்கு வேற கெடையாதுங்க. கை ஒட்டிக்கும்" என்றாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவளுக்கு நான் சோறு ஊட்டினேன், தலை பின்னிவிட்டேன், ஒவ்வொரு வாய்க்கும் நடுவே திட்டினேன். அவள் மென்றுகொண்டே இருந்தாள். அந்த மூன்று வாரத்தில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தேர்வு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து, "ஆட்டோ கூப்பிடுங்க, போகலாம்" என்றாள்.

"எதை வச்சு எழுதப் போற?"

"எழுதலைங்க. வந்தேன்னு இருக்கட்டும். ஹாலுக்கே வரலைன்னு என் பேருக்கு எதிரே போடக் கூடாது."

கூட்டிப்போனேன். மாவுக்கட்டைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். டிக்டேஷன் முடிந்து மற்றவர்கள் டைப் அடிக்கப் போன நேரத்தில் இவள் மட்டும் வெளியே வந்தாள். நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"கஷ்டமான வார்த்தை ஒண்ணுகூட இல்லீங்க. எவ்ளோ நிதானமா படிச்சாங்க தெரியுமா? ஒரு கமாகூட விட்டிருக்க மாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதாள். நடுரோட்டில், வருகிறவர் போகிறவர் பார்க்க, மூன்று வாரத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி அவளை ஏற்றினேன்.

ஆட்டோக்காரர் எந்த வழியாகப் போகட்டும் என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். அவ்வளவுதான், அவரைப் பிடித்துக்கொண்டேன். வழிகூடத் தெரியாமல் எதற்கு வண்டி ஓட்டுகிறீர்கள், ஜல்தி சலோ பையா, சீக்கிரம் ஓட்டுங்கள், அது இது என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

கவி இடது கையால் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவர ஏங்க திட்றீங்க? என்னத் திட்டுங்க."

என்னால் முடியவில்லை.