முள் ஏறாத சனிக்கிழமைகள்

கடற்கரை ஊர் ஒன்றின் குடிநீர் நிலையத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில் எனக்குப் போன் வரும்.

"சாரே, முள்ளு பின்னையும் ஏறியாச்சு. வருவியளா?"

ஊர்த் தேவாலயம் நடத்தும் அந்த நிலையத்தை ஒற்றையாளாக ஓட்டும் பெண் அவள். கிணற்று நீரை வடிகட்டும் சவ்வுக் குழாய்களில் அழுக்குப் படிந்தால் அழுத்தமானியின் முள் ஏறும், தண்ணீர் குறையும். மருந்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். குடிநீர் வாரியப் பணியில் இருந்தபோது அந்த நடைமுறையைப் பதினொரு பக்கங்களில் எழுதி மூன்று அதிகாரிகளிடம் கையெழுத்து வாங்கியவன் நான். மூவரும் படிக்கவில்லை. அதனால்தான் கையெழுத்து உடனே கிடைத்தது.

நாகர்கோவில் வீட்டில் இப்போது என்னோடு இருப்பது பிரிஜ்ஜும் அதன் சத்தமும்தான். மனைவி இறந்துவிட்டாள். மகள் கனடாவிலிருந்து ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பத்து நிமிடம் பேசுவாள். ஆகவே முள் ஏறுவதில் எனக்கு வருத்தமில்லை. மருந்து ஊற இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் அவள் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் எடுத்து வைப்பாள். ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகத் திட்டுவாள்.

ஒரு சனிக்கிழமை யாரையும் திட்டவில்லை.

"மருந்து போட்டுப் போட்டு குழாய் பொடியுது. இது போனா புதுசு கெடையாதுன்னு பங்குப் பேரவையில சொல்லிட்டாவ. நெலையத்தப் பூட்டிருவாவளாம்."

"அப்ப நீ?"

"நான் என்ன, மீன் கூடையத் தூக்க வேண்டியதுதான்."

அடிக்கடி மருந்திட்டால் சவ்வு நைந்துபோகும் என்பது என் ஏழாவது பக்கம். மருந்தை வெகுவாகக் குறைக்கும் வழியும் எனக்கு முதல் நாளே தெரியும். நீர் ஒரே சீராக ஓடினால் அழுக்கு நிம்மதியாகப் படியும். ஓட்டத்தைச் சற்று அடக்கிச் சட்டென்று விட்டால், அந்தத் துடிப்பு படிகிற அழுக்கை உலுக்கி இழுத்துக்கொண்டு போகும். வெளியேற்றுக் குழாயின் வால்வைக் கையால் திருப்பினாலே போதும். நான் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் முள் ஏறாது.

கிழங்கைத் தின்று முடித்துவிட்டுச் சொன்னேன். பாதி அடை, பத்து எண்ணு. முழுதும் திற, பத்து எண்ணு. இப்படிப் பத்துத் தடவை, மணிக்கொருமுறை.

குடத்தோடு யார் யாரோ வந்து பேச்சுக் கொடுக்க, அவளுக்கு எண்ணிக்கை தப்பியது. மூன்றாம் தடவை எண்களை விட்டுவிட்டாள். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி வால்வைப் பாதி அடைத்தாள். "புனித மரியே" வந்ததும் திறந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. எங்கள் சபையில் அந்த ஜெபம் கிடையாது என்பதால், இதற்கு நடைமுறை எழுத எனக்குத் தகுதியில்லை.

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா சாரே?"

"மொதல்ல மருந்துதான். விதி."

அப்படியொரு விதி இல்லை.

அதன்பின் ஐந்து சனிக்கிழமைகள் போன் வரவில்லை. ஆறாவது சனிக்கிழமை நானே கூப்பிட்டேன்.

"முள்ளு கெடந்த எடத்துலயே கெடக்கு சாரே. பூட்டுற பேச்சே இல்ல. நீங்க பஸ்சுல இடிபட்டு வரவே வேண்டாம்." குரலில் அவ்வளவு சந்தோஷம்.

நல்லது என்றேன். இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டேன்.

"சாளைதான். வச்சிரட்டா சாரே, வால்வுக்கு நேரமாச்சு."

போனை அணைக்க மறந்து எங்கோ வைத்துவிட்டாள். ஜெபமும், ஒவ்வொரு முறையும் தண்ணீர் சீறுவதும் கேட்டன. பத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவதில் ஒரு நொடி தாமதமாகத் திறந்தாள். நான் குறுக்கிடவில்லை.