மேளத்தோடு போன சேர்க்கை

ஒலக்கூருக்கு அருகில் ஒரு சிற்றூரின் அரசுத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் எவர் வாசலிலும் எதற்காகவும் நின்றதில்லை. அதை இன்றும் பெருமையாகவே கருதுகிறேன். சென்ற கோடையில் இப்போதைய தலைமையாசிரியை திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தார். முதல் வகுப்பில் ஒரு குழந்தையும் சேரவில்லை. இப்படியே போனால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்றார்.

"நீங்க கூட வந்தா மறுக்க மாட்டாங்க சார்."

அதனால் சேர்க்கை ஊர்வலத்தில் நடந்தேன். முன்னே மேளம், பின்னால் பதாகையோடு நாங்கள். திண்ணையில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தலை நிமிர்ந்தார்.

"எலெக்சன்தான் முடிஞ்சிபோச்சே, மோளம் அடிச்சிக்கினு வர்றீங்க? எந்தக் கட்சிங்க?"

"கட்சி இல்லம்மா, பள்ளிக்கூடம்."

"அட, அதுக்கும் ஓட்டு கேக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

என் காலத்தில் பிள்ளைகளை உயர வரிசைப்படி உட்கார வைப்பேன். ஊர்த்தெருவின் நிலக்காரர் பிள்ளையும் காலனியின் கூலிக்காரர் பிள்ளையும் தோளுரச அமர அது ஒன்றே போதும். எழுத்தையும் கணக்கையும் எங்கும் கற்கலாம். குடியாட்சிக்கு வேண்டிய இந்தப் பழக்கத்துக்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறிடமில்லை என்பது என் உறுதி.

கடைசியாக, என்னிடம் படித்த ஒருவனின் வீடு. விழுப்புரத்தில் அரசு வேலையில் இருக்கிறான். எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டான். மகளைப் பள்ளியில் சேர்க்கக் கேட்டேன்.

"ஐயா, உங்ககிட்ட முடியாதுன்னு சொல்றதே பேஜாரா இருக்குதுங்க. பாப்பாவ திண்டிவனத்துல இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்துட்டேன். வேன் வாசலுக்கே வருது."

"நீ இங்க படிச்சித்தானே வேலைக்குப் போன?"

"அதாங்க ஐயா. நீங்க படிக்க வெச்சீங்க, நான் வேலைக்குப் போனேன். அதனாலதான் அவள அங்க அனுப்ப முடியுது. இல்லன்னா அவளும் நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்திருப்பா."

அவன் குரலில் நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

பள்ளி திறந்தபோது காலனியிலிருந்து இரண்டு குழந்தைகள் சேர்ந்தார்கள். வேன் காலனிக்குள் போவதில்லை. இணைப்பு இவ்வாண்டு இல்லை என்றாகிவிட்டது. தலைமையாசிரியை தொலைபேசியில் மகிழ்ச்சி பொங்க, "நீங்க வந்ததாலதான் சார்" என்றார்.

அந்த இருவரும் ஊர்த்தெருப் பிள்ளை ஒருவரின் தோழமையுமின்றிப் படித்து முடிப்பார்கள். வேனில் போகிறவள் அவர்கள் பெயரைக்கூட அறியமாட்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை. "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னேன்.