தாய்மாமன் மடி

பாவா போனில் எதையும் நேராகக் கேட்கிற ஆள் இல்லை. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு குடை வேண்டுமென்றாலும் முதலில் மழையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். அன்றைக்கும் பொதட்டூர்பேட்டை வெயிலில் ஆரம்பித்து, கரண்ட் போவது, தறி நிற்பது என்று சுற்றிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். குழந்தைக்குத் திருத்தணி மலையில் மொட்டை போட நாள் குறித்துவிட்டார்களாம்.

"நீ கண்டிப்பா வந்துடணும்" என்றார்.

"நான் இல்லாம எப்படி பாவா? மடி என்னுதாச்சே."

பாவா ஒரு தடவை இருமிக்கொண்டார்.

"அது இல்ல... உங்க பெரியப்பா பையன், கே.ஜி.கண்டிகைல மளிகைக் கடை வச்சிக்கினு இருக்காரே, அவரையும் கூட்டியாந்துடு. அவரு மடியில உக்கார வச்சிக்கலாம்னு அம்மா சொல்றாங்க. நீ தப்பா எடுத்துக்காத."

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதல் மொட்டை போடும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். கூடப் பிறந்த தம்பி குத்துக்கல் மாதிரி இருக்கும்போது இன்னொருவனை உட்கார வைப்பது சாதாரணமாக நடக்காது. ஒன்று அவன் செத்திருக்க வேண்டும், இல்லை குடும்பத்தில் பேச்சு நின்றிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். அதை நான் கேட்டவர்களிடம் சொல்லிவிட்டேன் என்பதுதான் கூடுதல் குற்றம்.

மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கிருத்திகை வந்தால் ஊரே மஞ்சளாகிவிடும். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் விரதத்தோடு வருவார்கள், வெறும் வயிற்று ரத்தத்துக்கு அதைவிடத் தோதான நாள் கிடையாது. எனக்கு அவர்கள் மேல் எந்தக் கசப்பும் இல்லை. காவடி போகும்போது வாசலில் நின்று வாய் பிளந்து பார்ப்பேன். சின்ன வயதில் மற்றவர்களோடு சேர்ந்து நானும்தான் கும்பிட்டேன். எப்போது விட்டுப்போனது என்று யோசித்தால் ஒரு நாளும் பிடிபடுவதில்லை. ஏதோ ஒரு நாள் கை கூப்பியபோது உள்ளே யாரிடமும் பேசவில்லை என்று தெரிந்தது.

ஊருக்கு இது புரிவதில்லை. கறுப்புச் சட்டை போட்டு மேடையில் பேசுகிறவர்களை ஊருக்குத் தெரியும், அது ஒரு வகை. டீக்கடையில் ஒருவர் என்னிடம், "இன்னா கட்சி?" என்று கேட்டார். கட்சி இல்லை என்றேன். "அப்ப அல்லேலூயாவா?" என்றார். அதுவும் இல்லை என்றதும், "அப்புறம் எதுக்குப்பா சாமி இல்லன்ற?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். ஒரு பலனும் இல்லாமல் ஒருவன் இப்படி இருப்பானா என்பது அவருடைய சந்தேகம். வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் வீட்டுக்கார அம்மா பூஜை அலமாரியைத் திறந்து காட்டினார். அங்கே புத்தகம் வைத்துக்கொள்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் அந்த வீடு அவருடைய தங்கைக்கு வேண்டுமாம். அந்தத் தங்கை இன்றுவரை குடி வரவில்லை.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே தாண்டியவன்தான். மடி விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தவள் என் அக்கா. அவள் மாமியார் மலைப்படி ஏறாத மாதமில்லை, அக்கா ஊசி போட்டுக்கொள்ளாத மாதமில்லை. கடைசியில் அவள் கையில் ரத்தம் எடுத்தது நான், மெஷினில் வைத்தது நான். அந்தக் குழந்தை வரப்போகிறது என்று உலகத்தில் முதலில் அறிந்தவன் நான்தான். காகிதம் கையிலிருந்து விழுந்து, அதை எடுக்கக் குனிந்தவன் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சேதி கேட்டு மாமியார் விபூதிப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். "முருகன் குடுத்துட்டாரு நைனா!" என்றார். நான் சந்தோஷ மிதப்பில், "டாக்டருக்கும் ஒரு பொட்டலம் குடுங்க அத்தை" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் முகம் அப்போதே சுருங்கியது. நான்தான் கவனிக்கவில்லை.

பாவா போன் செய்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். சண்டை போட இல்லை. கோபம் இருந்தது, அதைவிட ஒரு கேள்வி அதிகமாகக் குடைந்தது. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டேன்.

"அத்தை, தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். என் மடியில உக்காந்தா புள்ளைக்கு இன்னா ஆவும்?"

அவர் மழுப்பவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை.

"ஒண்ணியும் ஆவாதுதான் நைனா" என்றார். "ஆயிட்டா?"

கீழே வைத்த கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"கேட்டு வாங்கின புள்ளை இது. குடுத்தவரு எதிர்லயே கொண்டுபோயி, அவரு குடுக்கலன்னு சொல்றவன் மடியில வைக்கச் சொல்றியா? எனக்கு உன்மேல இன்னா பகை? எனக்கு பயம்."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "ஒரு நாளைக்கு நெத்தியில விபூதி பூசிக்கினு, சன்னிதில நின்னு, முருகா, நான் சொன்னது தப்புன்னு ஒரு தபா சொல்லிடு. நீயே உக்காந்துக்கோ. ஜென்மத்துக்கும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அக்கா என்னைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட வந்தாள். இடுப்பில் குழந்தை. அது தன் பாட்டுக்கு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை இழுத்துக்கொண்டிருந்தது. "நீதாண்டா உக்காரணும்னு எனக்கும் இருக்குது" என்றாள். "ஒரே ஒரு வார்த்தை. எனக்காக சொல்லக் கூடாதா?" பஸ் வந்துவிட்டது. பேனாவைக் குழந்தையிடமே விட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

சொல்லிப்பார்க்கவும் செய்தேன். மறுநாள் காலையில் பரிசோதனை நிலையத்தைத் திறந்ததும் கை கழுவுகிற இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று விபூதி பூசினேன். முகம் நன்றாகத்தான் இருந்தது. "நான் சொன்னது தப்பு" என்றேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. இதைச் சொல்லிவிட்டால் குழந்தை என் மடியில். ஆனால் சொன்னவுடனே அத்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவர் பயம் பொய் இல்லை. அவர் என்னை எவ்வளவு ஒதுக்கினாலும், பயப்படுகிற ஒரு மனுஷியை ஏமாற்றி அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நெற்றியைக் கழுவிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். முடியாது என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மொட்டை நாளன்று சீர்த்தட்டை மட்டும் நான் கொண்டுபோனேன். தட்டுக்குத் தோஷமில்லையாம். முடி இறக்கும் மண்டபத்தில் தரை முழுக்க ஈரமும் முடியும். வரிசையாக மாமன்கள் சம்மணமிட்டிருக்க, ஒவ்வொரு மடியிலும் ஒரு பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. மளிகைக் கடை அண்ணன் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையப் பட்டை, கழுத்தில் கொட்டை என்று வந்திருந்தார். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர். கத்தி தலையில் பட்டதும் எங்கள் பிள்ளையும் கத்தியது. அண்ணன் அதன் தாடையைப் பக்குவமாகப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு தூணோரம் நின்று அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

முடிந்ததும் குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்துப்போனார்கள். அண்ணன் குழாயடியில் வேட்டியில் ஒட்டிய முடியை உதறிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பிடித்து ஊற்றினேன்.

"உன் எடத்துல உக்காந்துட்டேன்னு கோவமாடா?"

"உங்க மேல இல்லண்ணே. நம்பிக்கை இருக்கறவங்க உக்காரணும்னு அவங்க ஆசைப்பட்டாங்க. சரியான ஆளாத்தான் பாத்திருக்காங்க."

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். "நம்பிக்கையா?" என்றார். "எனக்கு அதெல்லாம் போயி ரொம்ப நாளாச்சுடா."

சொம்பைத் தரையில் வைத்தேன். கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. "எப்பத்திலிருந்து?"

"தெரியல. எங்கப்பா போனதுக்கு முன்னாடியே."

"அப்ப காவடி?"

"ஊரே போவுது, நானும் போறேன். எல்லாரோடயும் நடந்துகினு போறது நல்லா இருக்குதுடா. அது பொய் இல்ல."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"உனக்கு மட்டுந்தான் தெரியும். கடை வச்சிருக்கேன், பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துகினு இருக்கேன். உன்ன மாதிரி சொல்லிக்கினு திரிய முடியுமா?" வேட்டியை உதறிக்கொண்டே, "நீ ஏன் சொன்ன?" என்று கேட்டார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேட்டார்கள், சொன்னேன் என்றேன்.

மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த வரிசை மாமன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா நெற்றியிலும் பட்டை. இவர்களில் எத்தனை பேர்? அந்த ஓரத்து மீசைக்காரர்? மடியிலிருந்த மருமகள் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடிக்காரர்? ஒரு சொட்டு ரத்தத்தில் என்னவெல்லாமோ கண்டுபிடிக்கிறேன், இதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது. அத்தை இத்தனை கவலைப்பட்டு விலக்கி வைத்தது மடியை இல்லை, ஒரு வார்த்தையைத்தான். சாமி இல்லை என்கிற அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லாதவன் எவனானாலும் அந்த மண்டபத்தில் அவனுக்கு இடம் இருந்தது.

அத்தை குழந்தையோடு வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பளபளத்தது. இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. அண்ணனைக் காட்டி என்னிடம் சொன்னார்: "பாத்தியா நைனா, ஒரு கீறல் இல்ல. நம்புறவன் மடின்னா மடிதான். அடுத்த வருஷம் காது குத்துக்கும் இவரே உக்காரட்டும். இன்னா சொல்ற?"

அண்ணன் உதறி முடித்த வேட்டியை மறுபடி உதற ஆரம்பித்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். காது குத்துக்காவது நான் கேட்பேன் என்று அவள் காத்திருந்தாள். நானும் அதைக் கேட்கத்தான் மலையேறி வந்திருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். அத்தையின் நிம்மதி போகும், அண்ணனின் கடையும் பெண்ணின் கல்யாணமும் போகும், எனக்கு மட்டும் மடி திரும்பக் கிடைக்கும். ஒருவேளை அதுவும் கிடைக்காது.

"ஆங் அத்தை" என்றேன். "அண்ணனே உக்காரட்டும்."