சிவந்த வால் குருவியும் என் 'யெஸ்'ஸும்

பிள்ளைகளே, யார் என்ன கேட்டாலும் அப்பா உடனே பதில் சொல்லாமல் யோசிப்பதை நீங்கள் இருவரும் பகிடி பண்ணுவீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மகளே, உனக்கு அது அரைகுறையாக ஞாபகம் இருக்கலாம். தம்பி, நீ அப்போது பிறக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். எனக்குப் பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை. ஒரு வசந்தகால ஞாயிறு ஷிப்ட் இல்லை. ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் காடு வரும், குருவிகள் பாடும் என்று யாரோ சொன்னார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

"குருவி பாக்கவோ? எங்கடை கூரையிலை நிக்கிற புறாக்கள் காணாதே உங்களுக்கு?" என்று உங்கள் அம்மா சிரித்தபடி வழியில் சாப்பிட றோல்ஸ் கட்டித் தந்தா.

அந்த நாட்களில் என் ஆங்கிலம் மோசம். மனேஜர் எதைக் கேட்டாலும் முதலில் 'யெஸ்' என்பேன். என்ன கேட்டார் என்பதைப் பிறகு யோசிப்பேன். 'நோ' சொன்னால் மரியாதை இல்லை, வேலையும் போய்விடும் என்று பயம். எங்கள் ஆட்களில் கனபேர் அப்படித்தான் இருந்தோம்.

காட்டுப் பாதையில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா எதிரே வந்தா. கையில் ஊன்றுகோல், கழுத்தில் பைனாகுலர். ஏதோ ஒரு குருவியைப் பார்த்தீர்களா என்று ஆவலோடு கேட்டா. எனக்கு 'குருவி', 'சிவப்பு' இரண்டும்தான் விளங்கின. 'யெஸ்' என்றேன். அந்தப் பெரிய ஓக் மரத்திலா? யெஸ். முகம் கறுப்பா, சிவந்த வால் நடுங்கிக்கொண்டே இருந்ததா? யெஸ், யெஸ்.

அவவின் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து, கார் நிறுத்துமிடத்துக்கே கூட்டிக்கொண்டு போனா. காருக்குள் அவவின் கணவர் இருந்தார். அவரால் இப்போது நடக்க ஏலாது. ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தக் குருவியை ஒவ்வொரு வருடமும் முதலில் காண்பவர் அவர்தானாம். இந்த வருடம் அவருக்காக அந்த அம்மா காலையிலிருந்து தேடியிருக்கிறா, கிடைக்கவில்லை. இனி அது வராதோ என்று இருவரும் பயந்திருக்கிறார்கள். அந்த அம்மா முதலில் என்னிடம் கேட்டதையும் சேர்த்து, இதையெல்லாம் மகள்தான் என் காதுக்குள் மெல்லச் சொன்னாள்.

கிழவர் கார்க் கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளாலும் என் கையைப் பற்றினார். கண் கலங்கியிருந்தது. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி எனக்குத்தான் முதலில் தந்தார்.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. 'நோ' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேநீரைக் குடித்தேன். கார் திரும்பி மறையும் வரை அவர் கை காட்டிக்கொண்டே போனார்.

ரயிலில் மகள் கேட்டாள். "அப்பா, நாங்கள் ஒரு குருவியும் பாக்கேல்லையே. ஏன் பொய் சொன்னீங்கள்?"

"பொய் இல்லை பிள்ளை. மரியாதைக்குச் சொன்னது."

"மரியாதை எண்டா பொய்யோ?"

யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளையை அன்று என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு யாரையும் கூட்டாமல் தனியே போனேன். அவர்களின் கார் அங்கே இல்லை. ஓக் மரத்துக்கு எதிரே ஈரப்புல்லில் இருந்தேன். நெஞ்சு சிவந்த குருவி ஒன்று வந்தது. மனம் துள்ளியது, ஆனால் அதன் வால் சிவப்பில்லை. அவசரப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழை தூறி ஓய்ந்தது. மத்தியானம் தாண்டி, சின்னக் குருவி ஒன்று புல்லில் இறங்கி ஏதோ கொத்திக்கொண்டு கொப்புக்குத் திரும்பியது. கறுப்பு முகம், நெற்றியில் வெள்ளை. சிவந்த வால் ஒரு கணமும் நிற்காமல் நடுங்கியது.

போன ஞாயிறும் அது அங்கேதான் இருந்திருக்கலாம். அதற்காக நான் சொன்னது உண்மையாகிவிடாது. அந்தக் கிழவரின் கைச்சூடு இன்றும் என்னைக் கூச வைக்கிறது.

சுற்றிலும் ஒருவரும் இல்லை. எழுந்து நின்று, அந்த அம்மா அன்று எதிரே வந்த அந்த வெறும் பாதையைப் பார்த்து, வாய் திறந்து மெதுவாகச் சொன்னேன்: "யெஸ்."